உது வேறை யானை

எங்கள் கோயில் பங்கின் ஆண்டு மலருக்கு ஒரு ஆளைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். மற்றவர்கள் சுவாமிமாரைப் பற்றியும் மண்டபம் கட்டப் பாடுபட்டவர்களைப் பற்றியும் சொல்லுவார்கள். நான் எங்கள் கட்டடத்தில் ஐந்தாம் மாடியில் இருக்கிற றெமிஜியஸைப் பற்றிச் சொல்லப் போகிறேன். என்னைப் பேபி அக்கா என்பார்கள், எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி ஸ்டெபனி எழுதுகிறாள். றெமி என்னைவிடப் பத்து வயது இளையவன், அதனால் அவன், இவன் என்றுதான் சொல்லுவேன். அவனிடம் உத்தரவு கேட்டாயிற்று.

றெமிக்கு அறுபத்தாறு வயது. மன்னார்ப் பக்கத்துக் கடற்கரை ஆள். கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் குடியிருந்தாலும், இருபத்திரண்டு வருடம் அவன் சீவித்தது அமெரிக்க றோட்டில்தான். பெரிய ட்ரக் ஓட்டினான். இங்கே சாமான் ஏற்றினால் ஒகையோ, இந்தியானா, கென்ரக்கி என்று போய் இறக்கிவிட்டு வருவான். ட்ரக்குக்குள் தனி ஆள். பேச்சுத்துணைக்கு ரேடியோ. அந்த ரேடியோவில் ஒரு மனிதன் காலையிலிருந்து மத்தியானம்வரை அரசாங்கம் காசை வீணாக்குகிறது என்று தொண்டை கிழியக் கத்துவானாம். றெமி இங்கிலீசு படித்தது அந்த மனிதனிடம்தான். அதனால் அவனுடைய இங்கிலீசு ஒரு விதமாக இருக்கும். முழங்கால் நோகிறதென்று டொக்டரிடம் சொல்லத் தெரியாது, மகன் கூடப் போகவேண்டும். ஆனால் "டெஃபிசிற்" என்ற சொல்லை வெள்ளைக்காரனே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொல்லுவான். வரவுக்கு மிஞ்சி அரசாங்கம் செலவழித்தால் விழுகிற துண்டுக்கு அதுதான் பெயராம்.

அமெரிக்காவில் பெரிய கட்சி இரண்டு. ஒன்றுக்குப் படம் யானை, மற்றதற்குக் கழுதை. கட்சிப் பெயர் என் வாயில் நிற்காது, படம் நிற்கும். ஊரிலும் நான் படத்தைப் பார்த்துத்தான் வோட்டுப் போட்டவள். றெமி யானைப் பக்கம். எங்களோடு பூசைக்கு வருகிற சீமோன் கழுதைப் பக்கம். சீமோன் தீவுப் பகுதி ஆள், தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேரும் கீழே உடுப்புத் தோய்க்கிற அறையில் சந்தித்தால் மெசினைவிட அவர்களுடைய சத்தம்தான் கூட.

போன ஒக்டோபரில் அமெரிக்க அரசாங்கத்தைப் பூட்டினார்களே, அப்போது ஒவ்வொரு நாளும் இதுதான் கதை. செலவுக்கணக்கில் இரண்டு கட்சியும் ஒத்துப்போகாததால் அலுவலகம், கந்தோர் எல்லாவற்றையும் மூடிவிட்டார்கள். எங்கள் ஊர்க் கர்த்தால் மாதிரி என்று நான் விளங்கிக்கொண்டேன்.

"என்ன றெமி, உன்ர யானை இண்டைக்கும் எழும்பேல்லையோ?" என்று சீமோன் தொடங்குவான்.

"உன்ர கழுதை வாசலுக்குக் குறுக்க படுத்திருக்கு. முதல் அதை இழுத்து விடு."

"சம்பளமில்லாமல் சனம் நிக்குது. உனக்குப் பகிடி."

"பகிடியோ? சனத்தை நினைக்க எனக்கும் கவலைதான். ஆனா பூட்டினால்தான் சீமோன் தெரியும், எது இல்லாட்டிலும் நாடு ஓடும், எது இல்லாட்டி ஓடாது எண்டு. முப்பத்தெட்டு ரில்லியன் கடன்!"

"அதுக்கு எத்தினை சைபரடா?"

"நீ தோய்ச்ச காலுறையை எண்ணிப் பார், அதைவிடக் கொஞ்சம் கூட."

நான் நடுவில் இருந்து உடுப்பு மடிப்பேன். ஒருநாள் நானே கேட்டேன்: "ஏன் றெமி, உன்ர யானையும் கடன் வாங்குதுதானே?"

அவன் ஒளிக்கவில்லை. "வாங்குது அக்கா. அதுதான் வயித்தெரிச்சல். கழுதை சொல்லிப்போட்டு வாங்குது. யானை வாங்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டு வாங்குது."

"பிறகேன் அதோட நிக்கிறாய்?"

"வாங்கமாட்டன் எண்டு சொல்லுறதுக்கு வெக்கமாவது மிச்சம் இருக்கே. அதுக்குத்தான்."

போன வருடம் அமெரிக்கா எங்கள் கனடாச் சாமானுக்கு வரி போட்டது. எங்கள் சனம் கடையில் அமெரிக்கத் தோடம்பழத்தைத் தொடாமல் போனது. அப்போது றெமி தன் யானையையே திட்டினான். வரி கூடாது என்று இவ்வளவு காலம் கத்திய கட்சிக்கு இது என்ன புத்தி என்று ஒரு கிழமை சாப்பாடு இறங்காமல் திரிந்தான். அப்படியென்றால் கட்சியை விட்டுவிடு என்று சீமோன் சொன்னதற்கு, "மகன் குடிச்சிட்டு வந்தால் பேரை மாத்திறதோ?" என்று கேட்டான்.

இந்தக் கொள்கை அவனுக்கு ரேடியோவில் மட்டும் பிடித்ததல்ல. சின்ன வயதில் அவர்கள் கரையில் மீனுக்கு ஐஸ் கட்டுவதற்கென்று அரசாங்கம் ஒரு கட்டடம் கட்டியதாம். பெரிய ஆட்கள் வந்து நாடா வெட்டினார்களாம். கரண்ட் மட்டும் வரவில்லை. வருடக்கணக்காகப் பூட்டியிருந்த கட்டடத்துக்கு ஒரு காவல்காரன், காவல்காரனுக்குச் சம்பளம், அவனை மேற்பார்க்க இன்னொருவன். "ஒரு கட்டி ஐஸ் நாங்கள் காணேல்லை அக்கா. எங்கட அப்பா மீனை உப்புப் போட்டுத்தான் வித்தவர். ஆரின்ர காசு அது?" என்று இன்றைக்கும் கேட்பான். எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கும். வீட்டில் வரவுக்கு மிஞ்சிச் செலவழித்தால் மானம் போகிறது. நாட்டுக்கு மட்டும் மானம் இல்லையா? வீடும் நாடும் ஒன்றில்லை அம்மம்மா என்று ஸ்டெபனி இப்போது முறைக்கிறாள். நான் சொன்னதை எழுது பிள்ளை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அவனுடைய மனைவி ஜசிந்தாவுக்குப் புற்றுநோய் வந்து இங்கே ஆசுப்பத்திரியில் பதினான்கு மாதம் பார்த்தார்கள். காசு கேட்கவில்லை. அவள் போய் ஒன்பது வருடமாகிறது. அதுவும் அரசாங்கச் செலவுதானே என்று ஒருதரம் சீமோன் குத்தியபோது, "ஓம். அது வேலை செய்யிற செலவு. அதுக்கு நான் வரியில ஒரு சதமும் ஒளிச்சதில்லை. வேலை செய்யிறதுக்குக் குடு, செய்யாததை வெட்டு. இதைத்தானே நான் கத்துறன்" என்றான். அதற்குப் பிறகு சீமோன் அந்த இடத்தில் குத்துவதில்லை.

இப்படியிருக்க, றெமியின் ஒரே மகன் பிரவீனன் ஒரு பெட்டையை விரும்பினான். பிரவீனன் வீடுகளுக்கு ஹீற்றிங், ஏசி திருத்துகிறவன். முப்பத்தொரு வயது. பெட்டை நதீஷா மருந்துக்கடையில் வேலை. மோர்னிங்சைட்டில் தாயோடு இருக்கிறாள். தாய் அன்ரனெற் கொழும்பு கொட்டாஞ்சேனைக்காரி, எங்கள் சமயம்தான். புருசன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளோடு அகதியாக வந்து, அரசாங்க உதவி வீட்டில் இருந்து வளர்த்தெடுத்த மனிசி. தாய் சம்மதிக்காமல் நதீஷா கழுத்தை நீட்டமாட்டாள் என்று பிரவீனனே சொல்லிவிட்டான். ஆக, பேச்சுக்கால் வைக்கவேண்டும். பெண்பகுதி வந்து வீடுவாசலைப் பார்த்து, ஆட்களோடு இருந்து கதைக்கிற நாள் அது.

றெமி என் கதவைத் தட்டினான். "அக்கா, மனுசி இல்லாத வீடு. நீங்கள் வந்து நிண்டு தேத்தண்ணி குடுத்தால்தான் சபைக்கு வடிவு. இவன் ஒருத்தன்தான் எனக்கு. இது குழம்பினால் என்னாலதான் குழம்பும் எண்டு பயமாக் கிடக்கு."

"அப்ப அண்டைக்கு உன்ர வாயில அமெரிக்கா வரக்கூடாது."

"மாதாவாணை வராது."

வரவுமில்லை. அது வந்தது என்னுடைய வாயில்.

நவம்பர் மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த பின்னேரம். முதல் பனி கொட்டியிருந்தது. நான் ரோல்ஸும் பற்றிஸும் பொரித்து வைத்திருந்தேன். அன்ரனெற் மகளோடு வந்தா. மெலிந்த உடம்பு, நிமிர்ந்த நடை. கதிரை நுனியில் இருந்து எல்லாவற்றையும் பார்த்தா. ஜசிந்தாவின் படத்தை எழும்பிப் போய்ப் பார்த்துச் சிலுவை போட்டா. எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. விசிற்றர் பார்க்கிங் கடதாசி காரில் வைக்காவிட்டால் ரிக்கெற் எழுதிப்போடுவார்கள் என்று றெமி கீழே ஓடினான். பிரவீனன் நதீஷாவுக்கு பல்கனியில் நின்று எதையோ காட்டிக்கொண்டிருந்தான். அந்த நேரம் அன்ரனெற் கதவடியில் ஆணியில் தொங்கிய தொப்பியைக் கண்டா. ஒகையோவில் ட்ரக் நிறுத்துகிற கடையில் றெமி வாங்கியது. முன்பக்கத்தில் யானைப் படம்.

"உதென்ன தொப்பி அக்கா?"

நான் தட்டோடு குசினியிலிருந்து வந்தேன். அவனைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொல்லவேண்டும் என்ற நினைப்பு. "உதோ? உது றெமியின்ர கட்சித் தொப்பி. ஆள் யானைக் கட்சி. ஆர் என்ன பேசினாலும் மாறமாட்டான். கொள்கைக்காரன்."

"யானைக் கட்சியோ?"

"ஓம் ஓம். கன காலமா. உறுதியான ஆள்."

அவ கையில் எடுத்த ரோல்ஸைத் திரும்பத் தட்டில் வைத்தா. றெமி பனியைத் தட்டிக்கொண்டு மேலே வந்தபோது அவ கோட்டுப் போட்டுக்கொண்டிருந்தா.

"என்ன தங்கச்சி, இருங்கோவன். இப்பத்தானே வந்தனீங்கள்?"

"இல்லை அண்ணை, தலையிடிக்குது. பிறகு கதைப்பம்."

திங்கட்கிழமை செய்தி வந்தது. வேண்டாமாம். காரணமும் சொல்லவில்லையாம்.

பிரவீனன் வேலை உடுப்போடு வந்து நடு வீட்டில் நின்று கத்தினான். "அப்பா, what did you say to her? ஹவுசிங் காசைப் பற்றிக் கதைச்சனீங்களோ?"

"நானெங்கையடா கதைச்சன்? நான் பார்க்கிங் பேப்பர் வைக்கப் போனனான்!"

"She's not stupid, அப்பா. ஆரோ சொல்லியிருக்கினம் நீங்கள் ஊரெல்லாம் என்ன கதைக்கிறனீங்கள் எண்டு. கவர்மென்ற் வீட்டில இருக்கிறவை எல்லாரும் சோம்பேறியள் எண்டு."

"நான் ஒருநாளும் அப்பிடிச் சொன்னதில்லை. வீட்டை வைச்சு நடத்திற கந்தோரைச் சொன்னனான், இருக்கிற சனத்தையில்லை."

"Same thing!" என்று கதவை அடித்துச் சாத்திக்கொண்டு போனான்.

றெமி நாலு நாள் ரேடியோ போடவில்லை. சீமோன்தான் சொல்லிக் கெடுத்தான் என்று நினைத்து அவனோடு முகம் கொடுக்கவில்லை. தோய்க்கிற அறையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு மெசினைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கே காது அடைத்தது. "அக்கா, நான் சொல்லுறது பிழையோ?" என்று றெமி கேட்டான். "ஒரு சனத்தையும் நோகப்பண்ண நான் சொல்லேல்லை. ஆனா சொன்ன சொல் எங்க போய் விழுகுது எண்டு எனக்குத் தெரியாதுதானே." நான் பிழை என்று சொல்லவில்லை. எனக்கு அப்படித் தோன்றவுமில்லை.

வெள்ளிக்கிழமை நதீஷா எனக்குப் போன் எடுத்தாள். பிள்ளை அழுதிருக்கிறாள், குரலில் தெரிந்தது.

"அன்ரி, அம்மா ஒண்டே ஒண்டுதான் சொல்லுறா. யானை தொங்கிற வீட்டில சம்பந்தம் இல்லையாம். என்ன யானை அன்ரி? அங்க pet ஏதும் வளக்கினமோ?"

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

இளம் ஆட்களுக்காகச் சொல்லுகிறேன். இலங்கையிலும் ஒரு பெரிய கட்சிக்குச் சின்னம் யானை. எண்பத்திமூன்று ஆடியில் கொழும்பில் தமிழர்களை வெட்டியும் எரித்தும் கொன்றபோது ஆட்சியில் இருந்தது அந்த யானைதான். அன்ரனெற்றுக்கு அப்போது பத்தொன்பது வயது. தகப்பனுடைய தையல்கடைக்கு நெருப்பு வைத்தார்கள். மெசினை எடுக்கவென்று உள்ளே போன அண்ணன் அருள்நாயகம் வெளியே வரவில்லை. இதை நதீஷா போனில் சொன்னாள். கொழும்பில் நடந்தது எனக்குத் தெரியாததா? அந்த யானை எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் பதினொரு வருடமாக யானை, யானை என்று றெமியின் வாயிலிருந்து கேட்டுக் கேட்டு, பழைய யானை என் தலைக்குள் நித்திரையாகிவிட்டது. யானைக் கட்சி, கன காலமாக, உறுதியான ஆள். நான்தான் அந்தத் தாயின் முகத்துக்கு நேரே சொன்னேன்.

ஐந்தாம் மாடிக்கு ஏறிப்போய் றெமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவான் என்று பார்த்தேன். ஏசவில்லை. எழும்பிப் போய் ஆணியிலிருந்து தொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருந்தான்.

"உதைப் போட்டுக்கொண்டு நான் கோயில் வாசல்வரைக்கும் போறனான் அக்கா. எத்தினை பேர் அப்பிடி நினைச்சிருப்பினம்? போன மாரியில ஒரு வயசாளி என்னைக் கண்டிட்டுக் கோயில் வாங்கு மாறி, வேறை வரிசையில இருந்தவர். எனக்கு உடம்பு மணக்குதோ எண்டு நான் வீட்டை வந்து குளிச்சனான்."

பிறகு, "சீமோனிட்டை என்னெண்டு முழிக்கிறது?" என்றான். அதை நீயே பார் என்று சொன்னேன்.

அடுத்தநாள் சனிக்கிழமை காலை அவனுடைய வான் வண்டியில் மோர்னிங்சைட்டுக்குப் போனோம். தொப்பி போடவில்லை, காதுக்குக் கம்பளிச் சால்வை சுற்றியிருந்தான். அன்ரனெற் சங்கிலி போட்டபடி கதவைத் திறந்தா.

"பேபி அக்கா, நீங்கள் வாங்கோ. அவர் வேண்டாம்."

"அவன் வெளியில நிக்கட்டும் பிள்ளை. நான் ஒரு பிழை விட்டிட்டன். அவன்ர யானை எங்கட யானையில்லை. அமெரிக்க யானை."

"யானைக்கென்ன அக்கா நாடு?"

றெமியால் பொறுக்க முடியவில்லை. கொரிடோரில் நின்று கூப்பிட்டான்: "தங்கச்சி, உது வேறை யானை! கடவுளாணை வேறை யானை!" பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்தினாள்.

நதீஷா ஓடிவந்து போனில் படத்தைத் தேடி எடுத்துத் தாய்க்குக் காட்டினாள். சிவப்பும் நீலமுமாக ஒரு யானை. அன்ரனெற் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தா.

"இதுக்கு முதுகில நட்சத்திரம் போட்டிருக்கு" என்றா.

"மூண்டு நட்சத்திரம்" என்றான் றெமி வெளியிலிருந்து.

சங்கிலி கழன்றது. றெமி உள்ளே வந்து, இருக்காமல் நின்றபடி சொன்னான்: "எண்பத்திமூண்டில நான் மன்னாரில. எங்களைத் தொடேல்லை. உங்கட அண்ணையைப் பற்றி எனக்குத் தெரியாது தங்கச்சி. தெரிஞ்சிருந்தால் அந்தத் தொப்பி உங்கட கண்ணில பட்டிராது. அதை இனி நான் தலையில வைக்கமாட்டன்."

"கட்சியை விடுவியளோ?"

"அதை விடமாட்டன்."

நான் அவனுடைய காலை மிதித்தேன். பலனில்லை.

அன்ரனெற் கதிரையைக் காட்டினா. "இருங்கோ. அப்ப அந்த யானை என்னதான் சொல்லுது எண்டு சொல்லுங்கோ, கேப்பம். பிள்ளையைக் குடுக்கிற வீடு, நான் அறியோணும்."

றெமி சொன்னான். அரசாங்கம் உழைக்கிறதில்லை, எடுத்துத்தான் கொடுக்கிறது. கடன் வாங்கிக் கொடுக்கிறது தருமமில்லை, அது பிறக்காத பிள்ளையின் பொக்கற்றுக்குள் கைவைக்கிறது. கந்தோர் தொடங்கினால் மூட ஆளில்லை. எல்லாம் சொன்னான். அவ குறுக்கே பேசாமல் கேட்டா. பிறகு ஒரு கேள்விதான் கேட்டா.

"நான் பத்தொன்பது வரியம் அரசாங்க உதவி வீட்டில இருந்தனான் அண்ணை. எனக்குச் செலவழிச்சதும் வீணோ?"

நதீஷா தாயின் கதிரைக்குப் பின்னால் நின்றாள். இல்லை, உங்களுக்குத் தந்தது வேறு என்று ஒரு சொல் சொன்னால் கலியாணம் சரி. பொய் சொல்லு றெமி என்று நான் மனதுக்குள் மன்றாடினேன். மாதா அந்த மன்றாட்டைக் கேட்கவில்லை, அதுவும் நல்லதுக்குத்தான்.

"உங்களுக்குத் தந்தது வீணில்லை" என்றான் றெமி. "ஆனா தந்தவைக்கு அது தெரியுமோ? ஒருநாள் ஆரும் வந்து, எப்பிடி இருக்கிறியள், பிள்ளையள் உழைக்கினமோ, இன்னும் தேவையோ எண்டு கேட்டவையோ? கேட்டிருக்கமாட்டினம். உங்களுக்குக் குடுத்ததும் ஒரு கடதாசி, வீணாக்கிறவனுக்குக் குடுத்ததும் ஒரு கடதாசி. அவைக்கு ரெண்டும் ஒண்டு. அதுதான் என்ர கோவம்."

அன்ரனெற் சிரித்தா. அன்றைக்குத்தான் அவவுடைய சிரிப்பைக் கண்டேன்.

"கேக்கேல்லை. நான்தான் போனனான். இவள் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசத்தால, வாடகை உதவி இனி எனக்கு வேண்டாம் எண்டு சொல்லக் கந்தோருக்குப் போனனான். அங்க இருந்த பெட்டை என்னைப் பாத்த பார்வை! வேண்டும் எண்டு கேக்கிறதுக்கு ஏழு வகைப் படிவம் இருக்காம். வேண்டாம் எண்டு சொல்லப் படிவம் இல்லையாம்."

"என்ன?" றெமி கதிரை நுனிக்கு வந்துவிட்டான்.

"ஓம் அண்ணை. ஒருத்தி மற்றவளிட்ட அனுப்பினாள், அவள் மேல அனுப்பினாள். மேல இருந்தவர், அம்மா நல்லா யோசிச்சியளோ, விட்டால் திரும்பக் கிடையாது எண்டு புத்தி சொன்னார். மூண்டு தரம் பஸ்ஸில போய் வந்தன். கடைசியா இவள் ஒரு வெள்ளைத்தாளில எழுதித் தர, அவையின்ர மேசையில வைச்சிட்டு வந்திட்டன்."

"இதைத்தான்! இதைத்தானே நான் இருபது வரியமாச் சொல்லுறன்!" றெமிக்குக் கண் கலங்கிவிட்டது. "வேண்டாம் எண்டு சொல்லப் படிவம் இல்லையாம் அக்கா, கேட்டியளோ?"

"துள்ளாதையுங்கோ, நான் முடிக்கேல்லை" என்றா அன்ரனெற். "அந்த வீடு இல்லாட்டி இவள் இல்லை. எனக்கு வீடு கிடைக்க முந்தி உங்கட யானை வந்து அந்தச் செலவை வெட்டியிருந்தால், நான் ரெண்டு பிள்ளையோட எந்தத் தெருவில நிண்டிருப்பன்? உங்கட மகனுக்கு இண்டைக்குப் பொம்பிளையும் இல்லை. அதையும் சேத்துக் கணக்குப் பாருங்கோ."

றெமி சால்வையைக் கழற்றி மடித்தான், திரும்ப விரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "வெட்டோணும் எண்டு நான் இன்னும் சொல்லுவன் தங்கச்சி. அது மாறாது. ஆனா எங்க வெட்டுறது எண்டு உங்களை மாதிரி ஆக்களைக் கேட்டு வெட்டோணும். கந்தோரில இருக்கிறவனைக் கேட்டில்லை. ரேடியோவில கத்துறவனைக் கேட்டும் இல்லை."

"அப்ப என்னை அமெரிக்காவுக்கு அனுப்பி விடுங்கோ."

"நான் வோட்டுப் போடுவன்."

"உங்களுக்கு அங்க வோட்டே இல்லை!"

"உங்களுக்கும் இல்லைத்தானே. பிறகென்ன, ஆறுதலாச் சண்டை பிடிப்பம்."

அவ எழும்பிக் குசினிக்குப் போய்த் தேத்தண்ணி வைத்தா. அங்கிருந்தபடியே குரல் வந்தது, அமெரிக்காவில் இராணுவத்துக்குச் செலவழிக்கிறதை ஏன் உங்கள் யானை வெட்டவில்லை என்று. றெமி இங்கிருந்து கத்தினான். இரண்டு மணித்தியாலம் போயிற்று. கடைசியில் எனக்கே தாங்கவில்லை, நானும் சொன்னேன், கடன்காரன் வீட்டில் கலியாணம் வைத்தாலும் பந்தலில் ஒரு கண் கடன் கொடுத்தவனைத்தான் தேடும் என்று. இரண்டு பேரும் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பச் சண்டையைத் தொடங்கினார்கள்.

நதீஷா கொரிடோரில் நின்று பிரவீனனோடு போனில் கதைத்தது எனக்குக் கேட்டது.

"No, they're still fighting... இல்லை, எலிஃபன்ற் முடிஞ்சுது. இப்ப டெஃபிசிற்... ஓம், அம்மாவும் கத்துறா... என்ன? சரி, சரி. ஹோல் புக் பண்ணு, ஆனா சின்ன ஹோல். பெரிசு எடுத்தால் ரெண்டு பேரும் சேந்து எங்களைக் கொல்லுவினம்."

கலியாணம் உயிர்ப்பு ஞாயிறு கழிந்து வருகிற இரண்டாம் சனிக்கிழமை. கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண ஓலை வாசித்தாயிற்று. தடை தெரிந்தவர்கள் அறிவிக்கவும் என்று சுவாமி வாசித்தபோது, எங்களுக்குப் பின் வரிசை வாங்கில் இருந்த சீமோன் பெரிதாக ஒரு இருமல் இருமினான். றெமி திரும்பிப் பாராமலே அவனுக்கு ஒரு இனிப்பு நீட்டினான். வேறு ஒருவரும் வாய் திறக்கவில்லை.